புது லேப்டாப் ஏன் திக்குகிறது? கூடவே வந்த சாஃப்ட்வேர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றும் வழி!

"மாமா, திங்கட்கிழமை வீடியோவுல இன்டர்வியூ. நான் பேசுறது அவங்களுக்கு விட்டு விட்டுக் கேட்குதாம். இந்த லேப்டாப்பை நம்பி உட்காரவே பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமை இரவு அக்கா மகளிடமிருந்து வந்த போன் இது. லேப்டாப் வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. விலை 58,000 ரூபாய். அக்காவின் இரண்டு வளையல்கள் அடகுக்கடையில் இருப்பதற்கு அந்த லேப்டாப்தான் காரணம். ஒத்திகைக்காக மாதிரி இன்டர்வியூ எடுத்த கல்லூரி சீனியர், "என்னம்மா, பதில் தெரியாம இழுக்கிறியா?" என்று கேட்டுவிட்டாராம். பிள்ளை நன்றாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். திக்கியது லேப்டாப்.

வாங்கிய கடையில் கேட்டதற்கு, "ரேம் பத்தலை. இன்னொரு 8 ஜிபி போட்டா சரியாகிடும். 4,500 ரூபாய் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். "போட்டுடலாமா தம்பி?" என்றாள் அக்கா. "ஒருநாள் பொறுக்கா, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

அன்று மாலைக்குள் பிரச்னை தீர்ந்தது. ஒரு பாகத்தையும் மாற்றவில்லை, ஒரு ரூபாயும் செலவாகவில்லை. லேப்டாப்போடு தொழிற்சாலையிலிருந்தே வந்த ஒரு சாஃப்ட்வேரைக் கண்டுபிடித்து நீக்கினோம், அவ்வளவுதான்.

இதே தொல்லை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பாட்டு கேட்கும்போது நடுவில் 'கர்ர்' என்று அறுபடுவது, படம் ஓடும்போது கண் சிமிட்டும் நேரம் நின்று பிறகு ஓடுவது, மவுஸ் அம்பு ஒரு கணம் உறைந்து குதிப்பது, டைப் செய்யும் எழுத்துகள் தாமதமாகக் கொத்தாக வந்து விழுவது. இப்படியெல்லாம் நடந்தால் மேலே படியுங்கள்.

மெதுவாக ஓடுவது வேறு... திக்குவது வேறு!

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாமல் ரேமுக்குச் செலவு செய்கிறார்கள். ஒரு புரோகிராமைத் திறக்க அரை நிமிடம் ஆகிறது, திறந்த பிறகும் எல்லாமே மந்தமாக இருக்கிறது என்றால் அது மெதுவாக ஓடுவது. ரேம் போதாமலிருக்கலாம், ஹார்ட் டிஸ்க் பழையதாக இருக்கலாம்.

திக்குவது அப்படி இல்லை. எல்லாம் வேகமாகத்தான் ஓடும். திடீரென்று ஒரு கணம் நிற்கும். மறுபடி வேகமாக ஓடும். சில நொடிகள் கழித்து மறுபடி நிற்கும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் பல நேரம் இந்த இடைவெளி சீராக இருக்கும். எங்கள் லேப்டாப்பில் ஆறேழு நொடிக்கு ஒருமுறை.

இதை முதலில் காட்டிக்கொடுப்பது காதுதான். அதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் ஒலியை ஒரே மொத்தமாக ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. வழக்கமாக 10 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டாக, அதாவது ஒரு நொடிக்கு 100 துண்டுகளாகத் தயாரித்து அனுப்புகிறது. அடுத்த துண்டு தயாராக வேண்டிய நேரத்தில் பிராசஸர் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டால் அங்கே ஓட்டை விழுகிறது. அதுதான் 'கர்ர்'. படத்தில் இவ்வளவு சின்ன தடங்கல் கண்ணுக்குத் தப்பிவிடும், காதுக்குத் தப்பாது.

பரணில் வீட்டுக்காரர் சாமான்!

வாடகைக்குப் புது வீடு போகிறீர்கள். பரணில் வீட்டுக்காரர் தன் சாமான்களை வைத்துப் பூட்டியிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கதவைத் தட்டி, "மோட்டார் சூடாகலையே? பல்பு எரியுதா? தண்ணி வருதா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? கேட்பது நல்லெண்ணத்தோடுதான். ஆனால், அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் கதவைத் திறக்க ஓடினால் பால் வழிந்துவிடும்.

லேப்டாப் நிறுவனங்கள் போட்டுத் தரும் கண்காணிப்பு சாஃப்ட்வேர்கள் இந்த வீட்டுக்காரர் மாதிரிதான். பேட்டரி எத்தனை சதவிகிதம், பிராசஸர் சூடு எவ்வளவு, ஃபேன் எத்தனை சுற்று, புது அப்டேட் இருக்கிறதா என்று சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் கேள்விகளில் சில, மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன கன்ட்ரோலர் வரை போய்த் திரும்ப வேண்டும். பிராசஸரோடு ஒப்பிட்டால் அது ஆமை வேகம். அதன் பதிலுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில கணங்களில்தான் ஒலி அறுபடுகிறது, மவுஸ் உறைகிறது.

ஒலியை 'மெருகேற்றும்' சாஃப்ட்வேர், இணையத்தை 'வேகப்படுத்தும்' சாஃப்ட்வேர், கீபோர்டில் வண்ண விளக்கு எரியவைக்கும் சாஃப்ட்வேர், முப்பது நாள் இலவச ஆன்டிவைரஸ் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. தனித்தனியாக எல்லாம் சின்ன சமாசாரம்தான். பத்துப் பன்னிரண்டு சேர்ந்து ஒரே நேரத்தில் கதவைத் தட்டும்போதுதான் தலைவலி. கம்ப்யூட்டர் உலகில் இவற்றுக்கு 'ப்ளோட்வேர்' என்று பெயர். ஊதிப்போன சுமை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் போட்டுத் தருகிறார்கள்?

முதல் காரணம் பணம். லேப்டாப் விற்பனையில் போட்டி அதிகம், லாபம் குறைவு. ஆன்டிவைரஸ் போன்ற சாஃப்ட்வேர் நிறுவனங்கள் தங்கள் சோதனைப் பதிப்பைப் புது லேப்டாப்பில் வைப்பதற்குப் பணம் தருகின்றன. முப்பது நாள் கழித்து நீங்கள் சந்தா கட்டினால் அவர்களுக்கு லாபம். இரண்டாவது காரணம், வாடிக்கையாளருக்கு உதவும் எண்ணம். டிரைவர் அப்டேட், வாரன்டி விவரம், பேட்டரிப் பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தர நினைக்கிறார்கள். எண்ணம் நல்லது, செய்நேர்த்திதான் சில நேரம் சரியில்லை.

இது புதுக் கதையும் அல்ல. 2008-ல் சோனி நிறுவனம் தன் வயோ லேப்டாப் ஒன்றை இந்தச் சுமை இல்லாமல் தர ஏறக்குறைய 50 டாலர் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. 'குப்பையை அள்ளிப் போட நாங்கள் காசு தர வேண்டுமா?' என்று வாடிக்கையாளர்கள் கொதித்ததும் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது.

2015-ல் வெடித்தது இன்னும் பெரிய விவகாரம். லெனோவோ சில லேப்டாப்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர சாஃப்ட்வேரை வைத்து விற்றிருந்தது. பார்க்கும் இணையப் பக்கங்களுக்குள் விளம்பரங்களைச் செருகுவது அதன் வேலை. அதற்காக அது வங்கித் தளங்கள் போன்ற பாதுகாப்பான இணைப்புகளுக்கு நடுவிலும் புகுந்து, திருடர்களுக்கு வழி திறந்துவிடும் அபாயத்தை உண்டாக்கியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நீக்கும் வழியையும் வெளியிட்டது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் 2017-ல் சமரசம் செய்துகொண்டு, அந்த மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

2019-ல் வெளிவந்த தகவல் வேறு ரகம். ஆசஸ் லேப்டாப்களில் இருந்த அப்டேட் சாஃப்ட்வேரின் வழியாகவே ஹேக்கர்கள் நச்சு நிரலை அனுப்பியிருந்ததை காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. ஆசஸ் பிறகு அதைச் சரிசெய்து புதுப் பதிப்பை வெளியிட்டது. ஆக, நாம் பயன்படுத்தாத ஒரு சாஃப்ட்வேர் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது வேகத்தை மட்டும் பாதிக்கும் விஷயம் அல்ல. அது வீட்டுக்கு இன்னொரு கதவு. பூட்டத் தெரியாவிட்டால் அந்தக் கதவே வேண்டாம்.

முதல் வேலை: நோட்டம் விடுங்கள்

புது லேப்டாப் என்றால் முதல் ஓரிரு நாள் பொறுங்கள். விண்டோஸ் அப்டேட்களை இறக்கிக்கொள்ளும், ஃபைல்களைப் பட்டியல் போடும். அந்த நேரத்தில் சற்றுத் தடுமாறுவது இயல்பு. எல்லா அப்டேட்களும் முடிந்து, இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்த பிறகும் திக்கினால்தான் விசாரணை.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஒரு பாட்டையோ வீடியோவையோ ஓடவிட்டு, மெமரி, சிபியு, டிஸ்க் என்ற மூன்று எண்களையும் கவனியுங்கள். மெமரி 90 சதவிகிதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை என்று கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டிஸ்க் எப்போதும் 100-ஐத் தொட்டு நின்றால் அது டிஸ்க் பிரச்னை. ஃபேன் அலறி, அடிப்பாகம் கொதித்தால் சூட்டுப் பிரச்னை.

அக்கா மகளின் லேப்டாப்பில் வீடியோ அழைப்பு ஓடும்போதும் 8 ஜிபி-யில் 5.5 ஜிபி-தான் செலவாகியிருந்தது. சிபியு பத்து சதவிகிதம்கூடத் தாண்டவில்லை. 4,500 ரூபாய் அங்கேயே மிச்சம்.

சிபியு சும்மா இருக்கிறது, பிறகு ஏன் திக்குகிறது? டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரி. ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் எல்லாம் முடங்கினால் சராசரியில் அது தெரியவே தெரியாது. ஆனால், அந்த 50 மில்லி செகண்டில் ஐந்து ஒலித் துண்டுகள் காணாமல் போயிருக்கும்.

அதனால் எண்ணை விட்டுவிட்டுப் பட்டியலைப் பாருங்கள். 'சிபியு' என்ற தலைப்பை ஒருமுறை க்ளிக் செய்தால் அதிகம் உழைக்கும் புரோகிராம் மேலே வரும். ஒலி அறுபடும் அதே கணத்தில் எந்தப் பெயர் மேலே குதிக்கிறது என்று ஐந்து நிமிடம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பெயர் 'டபிள்யூஎம்ஐ புரொவைடர் ஹோஸ்ட்'. இது விண்டோஸின் சொந்தப் பிள்ளை. கம்ப்யூட்டரின் நிலவரத்தைக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வரவேற்பறை ஊழியர். அவர் மீது குற்றமில்லை. அவரை யார் ஓயாமல் கேள்வி கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

பாதி பாதியாகப் பிரித்துப் பிடியுங்கள்!

இதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பரிந்துரைக்கும் ஒரு முறை இருக்கிறது. 'க்ளீன் பூட்' என்று பெயர். வெளியாள் யாரையும் உள்ளே விடாமல், விண்டோஸை மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பது.

1. தேடல் பெட்டியில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து திறக்கவும். 'சர்வீசஸ்' பகுதிக்குப் போகவும்.

2. கீழே 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' என்ற கட்டத்தை டிக் செய்யவும். இதை மறந்தால் விண்டோஸுக்குத் தேவையானதையும் நிறுத்திவிடுவீர்கள். அதனால் இரண்டு முறை சரிபார்க்கவும்.

3. மீதி இருக்கும் பட்டியலை செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளவும். பிறகு பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் வரைபடம்.

4. 'டிசேபிள் ஆல்' கொடுக்கவும். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் இருப்பவற்றையும் டிசேபிள் செய்யவும். அவற்றையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளவும்.

5. ரீஸ்டார்ட் செய்து, அதே பாட்டை மறுபடி ஓடவிடவும்.

இந்த நிலையில் கீபோர்டின் சில விசேஷ பட்டன்கள், டச்பேடின் சில அசைவுகள் வேலை செய்யாமல் போகலாம். பயப்பட வேண்டாம், தற்காலிகம்தான்.

இப்போதும் திக்கினால் குற்றவாளி இந்தப் பட்டியலில் இல்லை. டிரைவர், பயாஸ், சூடு என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். திக்கல் நின்றுவிட்டால் ஆள் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்.

ஒவ்வொன்றாகச் சோதித்தால் நாள் போய்விடும். பாதியை மட்டும் திரும்ப இயக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். திக்கினால் ஆள் அந்தப் பாதியில். திக்காவிட்டால் அடுத்த பாதியில். பிறகு அந்தப் பாதியில் பாதி. எங்கள் பட்டியலில் 14 சர்வீஸ்கள் இருந்தன. ஏழு, நான்கு, இரண்டு, ஒன்று என நான்கே ரீஸ்டார்ட்களில் ஆள் சிக்கினார். லேப்டாப்பின் 'ஆரோக்கியத்தை' கவனித்துக்கொள்வதாகச் சொல்லும், தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த சாஃப்ட்வேர்!

"டாக்டரே பேஷன்ட்டைத் தூங்கவிடலையா?" என்று சிரித்தாள் அக்கா மகள். விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

விசாரணை முடிந்ததும் மற்ற 13 சர்வீஸ்களையும் மறக்காமல் பழையபடி இயக்கிவிடுங்கள். பலர் இங்கேதான் விட்டுவிட்டு, "கீபோர்டு லைட் எரியலை, ஹெட்போன் சரியா கேட்கலை" என்று பிறகு புலம்புகிறார்கள்.

கொஞ்சம் ஆழமாகப் பார்க்க விரும்புவோருக்கு 'லேட்டன்சிமான்' என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பத்து நிமிடம் ஓடவிட்டால், எந்த டிரைவர் பிராசஸரை அதிக நேரம் பிடித்துவைத்தது என்று பெயரோடு காட்டும். நெட்வொர்க் தொடர்பான பெயர் முதலிடத்தில் வந்தால் வைஃபை டிரைவரைச் சந்தேகிக்கலாம். 'ஏசிபிஐ' என்று வந்தால் பேட்டரி, மின்சாரம், சூடு தொடர்பான சங்கதி. அப்போது கண்காணிப்பு சாஃப்ட்வேரையும் பயாஸ் பதிப்பையும் முதலில் பாருங்கள்.

எதை எடுக்கலாம்... எதைத் தொடக் கூடாது?

தாராளமாக எடுக்கலாம்: சோதனைப் பதிப்பு ஆன்டிவைரஸ், கேம்ஸ், ஷாப்பிங் தளங்களின் குறுக்குவழிகள், 'பூஸ்டர்', 'ஆப்டிமைசர்' என்ற பெயரில் இருப்பவை, நீங்கள் திறந்தே பார்க்காத போட்டோ, மியூசிக் ஆப்கள். ஆன்டிவைரஸை எடுத்தால் பாதுகாப்பு போய்விடுமே என்று கவலை வேண்டாம். வேறு ஆன்டிவைரஸ் இல்லையென்றால் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாகவே காவலுக்கு வந்துவிடும். 'விண்டோஸ் செக்யூரிட்டி' பகுதியைத் திறந்து பச்சை டிக் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

யோசித்து எடுக்க வேண்டியவை: நிறுவனத்தின் உதவி மற்றும் அப்டேட் சாஃப்ட்வேர், ஒலி மெருகேற்றும் சாஃப்ட்வேர், ஃபேன் மற்றும் பேட்டரிக் கட்டுப்பாடு. சில லேப்டாப்களில் பேட்டரியை 80 சதவிகிதத்தோடு நிறுத்தும் வசதி இந்த சாஃப்ட்வேரில்தான் இருக்கும். எப்போதும் சார்ஜரிலேயே ஓட்டுபவர்களுக்கு அது பேட்டரியின் ஆயுளைக் கூட்டும். அப்படி ஏதாவது பயன்படுத்துகிறீர்களா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதலில் அதன் புதுப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். பிழையை நிறுவனமே திருத்தியிருக்கலாம். அப்படியும் திக்கினால் எடுத்துவிடுங்கள்.

தொடவே கூடாதவை: கிராஃபிக்ஸ், ஆடியோ, வைஃபை, டச்பேட், சிப்செட் என்ற பெயர்களோடு வரும் டிரைவர்கள். 'விஷுவல் சி பிளஸ் பிளஸ்' என்று வரிசையாக இருப்பவையும் குப்பை அல்ல. மற்ற புரோகிராம்கள் நிற்கும் அஸ்திவாரம் அவை. டிஸ்க்கில் 'ரெகவரி' என்றிருக்கும் பகுதியையும் விட்டுவிடுங்கள்.

நீக்கும் முறை இதுதான். தேடல் பெட்டியில் 'க்ரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடி ஒரு மீட்புப் புள்ளி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய், வேண்டாததன் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். ஒரே மூச்சில் பத்தை நீக்காதீர்கள். ஒன்றை எடுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஒருநாள் பாருங்கள், பிறகு அடுத்தது. ஏதாவது கெட்டுப்போனால் எதனால் என்று தெரிய வேண்டும் அல்லவா?

விரட்டினாலும் திரும்பி வருகிறதா?

சில சாஃப்ட்வேர்கள் வாசல் வழியாக விரட்டினால் ஜன்னல் வழியாக வரும். விண்டோஸ் அப்டேட் கொண்டுவரலாம். அதைவிட ஆழமான வழியும் உண்டு. லேப்டாப்பின் பயாஸுக்குள்ளேயே ஒரு சின்ன புரோகிராமை வைத்து, விண்டோஸ் எழும்போதெல்லாம் அதை ஓடவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்டே தயாரிப்பாளர்களுக்குத் தந்திருக்கிறது. திருட்டுப்போன லேப்டாப்பைக் கண்டுபிடிப்பது போன்ற தேவைகளுக்காக வந்த ஏற்பாடு அது. சிலர் அதைத் தங்கள் சாஃப்ட்வேரைத் திரும்பத் திரும்ப நுழைக்கவும் பயன்படுத்தினார்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் அந்த சாஃப்ட்வேர் தானே முளைப்பதற்கு இதுதான் காரணம்.

இப்படி இருந்தால் பயாஸ் மெனுவுக்குள் அதை நிறுத்தும் ஆப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசஸ் மதர்போர்டுகளில், 'ஆர்மரி க்ரேட்' ஆப்பை டவுன்லோடு செய்யலாமா என்று கேட்கும் அமைப்பு பயாஸிலேயே இருக்கிறது, அங்கேயே அணைத்துவிடலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டால், அந்த சர்வீஸை நீக்காமல் 'டிசேபிள்' நிலையில் வைத்துவிடுவது நடைமுறைக்கு உகந்த வழி. இருக்கும், ஆனால் ஓடாது.

கடைசி வழி: சுத்தமாகத் துடைத்துப் போடுவது

எதற்கும் மசியவில்லை என்றால் விண்டோஸைப் புதிதாகப் போடலாம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் 'மீடியா க்ரியேஷன் டூல்', ஒரு 8 ஜிபி பென்டிரைவ், இரண்டு மணி நேரப் பொறுமை போதும். விண்டோஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களில் அதன் உரிம எண் பயாஸிலேயே பதிந்திருக்கும். அதே வகை விண்டோஸைப் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும்.

அதற்குமுன் நான்கு விஷயங்கள் கட்டாயம். போட்டோ, ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். வைஃபை டிரைவரை நிறுவனத்தின் தளத்திலிருந்து பென்டிரைவில் இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் புது விண்டோஸ் இணையம் இல்லாமல் விழித்துக்கொண்டு நிற்கலாம். லேப்டாப்போடு வந்த எம்எஸ் ஆபீஸை உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். டிஸ்க் என்க்ரிப்ஷன் இயங்குகிறது என்றால் 48 இலக்க ரெகவரி கீ அதே அக்கவுன்ட்டில் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைப்பதற்கு முன்பும் இந்த எண் கையில் இருக்க வேண்டும்.

இந்த வலையில் விழாதீர்கள்!

'கம்ப்யூட்டர் திக்குகிறதா?' என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது 'ரெஜிஸ்ட்ரி க்ளீனர்', 'டிரைவர் பூஸ்டர்', 'பிசி ஸ்பீடு அப்' விளம்பரங்கள். ஸ்கேன் செய்து '1,200 பிழைகள்' என்று சிவப்பில் காட்டி, சரிசெய்யப் பணம் கேட்பார்கள். சுமையைக் குறைக்கப் போய் இன்னொரு சுமையை ஏற்றிக்கொள்ளும் கதை அது. 'மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது' என்று போன் வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் யாருக்கும் அப்படித் தானாகப் போன் செய்வதில்லை.

அடுத்த முறை லேப்டாப் வாங்கும்போது ஒன்றைப் பழக்கமாக்குங்கள். வந்த முதல் வாரத்திலேயே பத்து நிமிடம் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேளுங்கள், ஒரு வீடியோ அழைப்பு பேசிப் பாருங்கள். குறை இருந்தால் கடையில் திருப்பிக்கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.

உங்கள் கையில் இருக்கும் போனிலும் இதே சங்கதிதான். ஆண்ட்ராய்டு போனில் நீங்கள் போடாத ஆப் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வேண்டாத ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' போனால் 'அன்இன்ஸ்டால்' இருக்கும். அது இல்லாவிட்டால் 'டிசேபிள்' இருக்கும். டிசேபிள் செய்தாலே அது பின்னணியில் ஓடாது, பேட்டரியைத் தின்னாது. ஆனால், பெயர் புரியாத சிஸ்டம் ஆப்களைச் சோதனைக்காகக்கூட நிறுத்தாதீர்கள்.

அக்கா மகளின் கதைக்கு வருவோம். சனிக்கிழமை மாலை அந்த சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு, அவளை அடுத்த அறையில் உட்காரவைத்து வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். ஓர் இடத்திலும் குரல் அறுபடவில்லை. திங்கட்கிழமை இன்டர்வியூ நாற்பது நிமிடம் நடந்தது. அடுத்த சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள். வேலை கிடைக்குமா என்பது இனி அவள் கையில். இரண்டு இடத்தில் தடுமாறியதாகச் சொன்னாள்.

"அது நிஜமாவே எனக்குப் பதில் தெரியாத கேள்வி மாமா. லேப்டாப் மேல பழி போட முடியாது!" என்றாள்.

ரேமுக்கு வைத்திருந்த 4,500 ரூபாயை அக்கா அடகுக்கடையில் கட்டிவிட்டாள்.